மச்சான் பட்டறையில் ஆயில் சீல்

மெக்கானிக்: ...அதான் கேக்கறேன். வர்ற வழியில ஒரு பட்டறைகூடவா இல்லை? இவ்வளவு தூரம் ஆயிலை ஒழுகவிட்டுக்கிட்டே இங்கதான் வரணுமா?

டிரைவர்: பட்டறை இருக்கு. நம்பிக் குடுக்கக் கை வேணுமே மச்சான். இந்த இன்ஜினை இறக்கி ஏத்துனதே நீங்கதான்.

மெக்கானிக்: அது பதினோரு வருஷத்துக்கு முன்னாடி. உன் கல்யாணத்துக்கு முந்தின மாசம்.

டிரைவர்: ஆமா. பொண்ணையும் குடுத்து, லாரியையும் சரி பண்ணிக் குடுத்தீங்க.

மெக்கானிக்: லாரியை மட்டும் நல்லா வச்சுக்கிட்டே... சரி, எங்க ஒழுகுது?

டிரைவர்: முன்னாடிதான். கிராங்க் புல்லிக்குப் பின்னாலேர்ந்து. ஃபேன் அதை வாரி ரேடியேட்டர் பூரா அடிச்சிருக்கு. காலையில ரெண்டு லிட்டர் ஊத்தினேன். இப்பப் பாத்தா டிப் ஸ்டிக்ல அடியில நிக்குது.

மெக்கானிக்: தள்ளு. லைட்டைப் பிடி. அங்க இல்லை, கீழ... இன்னும் கீழ. மாடியைப் பாக்காத, என் கையைப் பாரு.

டிரைவர்: மாடியை எங்க பாத்தேன்.

மெக்கானிக்: வண்டியை விட்டு இறங்கினதிலேர்ந்து நாலு தடவை. எண்ணிட்டேன். போன்லயே சொல்லிட்டேன்ல... அவ கீழ வர மாட்டா. நீயும் மேல போகக் கூடாது.

டிரைவர்: ஆறு மாசமா இதையேதான் சொல்றீங்க. அவ என் பொண்டாட்டி மச்சான்.

மெக்கானிக்: உனக்குப் பொண்டாட்டி ஆகறதுக்கு முன்னாடியே எனக்குத் தங்கச்சி.

டிரைவர்: நான் சண்டைக்கு வரலை. ஆயிலைத் தடுக்கற ரப்பர் சீல் போயிருக்கு. மாத்திக் குடுங்க, போயிடறேன்.

மெக்கானிக்: இப்படிப் பேசினா கேட்டுக்குவேன். பின் சக்கரத்துக்குக் கட்டை வை.

டிரைவர்: வச்சாச்சு.

மெக்கானிக்: ரெண்டு பக்கமும்?

டிரைவர்: இருபது வருஷமா வண்டி ஓட்டறவன்கிட்டக் கேக்கற கேள்வியா இது?

மெக்கானிக்: இருபது வருஷமா வண்டிக்கடியில படுக்கறவன் கேக்கற கேள்வி. போய் இன்னொரு தடவை பாத்துட்டு வா.

டிரைவர்: ...பாத்தாச்சு. முன்னெல்லாம் வந்தா 'வாங்க மாப்பிள்ளை'ன்னு சொல்வீங்க.

மெக்கானிக்: முன்னெல்லாம் சொன்னேன். ரேடியேட்டர் ஹோஸை நீ கழட்டு. தண்ணி இன்னும் சூடாத்தான் இருக்கும், மூஞ்சியைத் தள்ளி வச்சுக்க.

டிரைவர்: பாசம் பொங்குது.

மெக்கானிக்: பட்டறையில எவனுக்கு வெந்தாலும் எனக்குத்தான் கெட்ட பேரு.

டிரைவர்: அவ எப்படி இருக்கா?

மெக்கானிக்: கிளாம்ப்பைத் தரையில போடாத. தட்டுல போடு.

டிரைவர்: மச்சான்... எப்படி இருக்கான்னுதான் கேட்டேன்.

மெக்கானிக்: இருக்கா.

டிரைவர்: இளைச்சுட்டாளா?

மெக்கானிக்: எதுக்கு இளைக்கணும்? நல்லாத்தான் இருக்கா. முன்னைக்கு இப்ப முகம் தெளிஞ்சிருக்கு.

டிரைவர்: என்னைப் பத்தி ஏதாவது...

மெக்கானிக்: ஒண்ணும் கேக்கறதில்லை.

டிரைவர்: ஒரு வார்த்தைகூடவா?

மெக்கானிக்: ரேடியேட்டரை அந்தப் பக்கம் பிடி. தூக்கு... மெதுவா. இறக்கு. விரலைப் பாத்துக்க.

டிரைவர்: மாடியில கொடியில துணி காயுது.

மெக்கானிக்: துவைச்சா காயத்தான் செய்யும்.

டிரைவர்: உங்க வீட்டு அக்கா புடவை தெரியுது. உங்க சட்டை, பனியன் தெரியுது. அவ துணி ஒண்ணையும் காணோமே.

மெக்கானிக்: துணியைக்கூட எண்ணுவியா நீ? அவ ரூமுக்குள்ளயே காயப் போட்டுக்குவா. என்னைக்காவது நீ வந்து இப்படி அண்ணாந்து பாப்பேன்னு அவளுக்குத் தெரியும்.

டிரைவர்: அப்படியா சொன்னா?

மெக்கானிக்: ஃபேனைக் கழட்டு.

டிரைவர்: அதை மட்டுமாவது சொல்லுங்க. அவ வாயால அப்படியா சொன்னா?

மெக்கானிக்: நாலு போல்ட்டு. கழட்டிட்டுப் பேசு.

மெக்கானிக்கின் மனைவி: என்னங்க, நம்ம கடையில இந்த சைஸ்ல ரெண்டு சீல் இருக்கு. எது வேணும்னு பாருங்க... வாங்க தம்பி. டீ கொண்டாந்திருக்கேன்.

டிரைவர்: வரேன்கா. கடை எப்படிப் போகுது?

மெக்கானிக்கின் மனைவி: போகுது. போல்ட்டு நட்டு கேட்டு வராத ஆள் யாரு. கையைக் கழுவிட்டுக் குடிங்க, இல்லைன்னா டீயில ஆயில் மிதக்கும்.

டிரைவர்: அவ சாப்பிட்டாளாக்கா?

மெக்கானிக்கின் மனைவி: சாப்பிட்டிருப்பா தம்பி.

டிரைவர்: சாப்பிட்டிருப்பாளா? நீங்கதானே கூட இருக்கீங்க?

மெக்கானிக்கின் மனைவி: நான் காலையிலேர்ந்து கடையில நிக்கறேன். யார் எப்பச் சாப்பிட்டாங்கன்னு பின்னாலேயே போய்ப் பாக்க முடியுமா?

மெக்கானிக்: பசிச்சா எடுத்துப் போட்டுச் சாப்பிடற வயசுதான் அவளுக்கு. சீலைக் குடு... இது வேண்டாம், ஷாஃப்ட்டைக் கவ்வற ரப்பர் உதடு விறைப்பா இருக்கு. அந்தக் கறுப்பு. அதைப் பிரிக்காம அப்படியே வை, தூசி படக் கூடாது. நீ கடைக்குப் போ, யாரோ நிக்கறாங்க.

மெக்கானிக்கின் மனைவி: யாரும் நிக்கலை.

மெக்கானிக்: நிப்பாங்க. போ.

டிரைவர்: ...அக்கா முன்ன மாதிரி முகம் குடுத்துப் பேச மாட்டேங்கறாங்க.

மெக்கானிக்: உன்கிட்டப் பேசலைன்னு வருத்தமா? என்கிட்டயே அளந்துதான் பேசறா. கேட்டா பதில். கேக்கலைன்னா அதுவும் இல்லை. புல்லி நட்டுக்கு வருவோம். கேபின்ல ஏறி, டாப் கியர்ல போட்டு பிரேக்கை மிதி. கிராங்க் சுத்தக் கூடாது.

டிரைவர்: மிதிச்சாச்சு.

மெக்கானிக்: நல்லா அழுத்தி மிதி. இந்த நட்டு லேசுல வராது. ஸ்பேனர்ல குழாயைச் சொருகி ரெண்டு பேர் தொங்கினாத்தான் அசையும். முதல்ல நட்டு திரும்பாம மடக்கி வச்சிருக்கற லாக் வாஷரோட காதை நிமிர்த்தணும்... இது என்ன.

டிரைவர்: என்ன?

மெக்கானிக்: இரு.

டிரைவர்: என்ன மச்சான்?

மெக்கானிக்: இறங்கி வா.

டிரைவர்: பிரேக்கை விடவா?

மெக்கானிக்: விடு. பிரேக்குக்கெல்லாம் வேலையே இல்லை. ஒரு கையால திருப்பினேன், வந்திடுச்சு.

டிரைவர்: தானா லூசாகியிருக்கும். அதனாலதான் ஒழுகியிருக்கு போல.

மெக்கானிக்: தானாவா? இந்தக் காதைப் பாரு. ஒருத்தன் இதை நிமிர்த்தி, மறுபடி மடக்கியிருக்கான். மடங்கின இடம் பளபளங்குது. சுத்தி இருக்கற அழுக்கு பத்து வருஷத்து அழுக்கு. நட்டு மூலை மட்டும் புதுசா மின்னுது.

டிரைவர்: வழியில ஒருத்தர்கிட்டக் காட்டினேன்...

மெக்கானிக்: நம்பிக் குடுக்கக் கை இல்லைன்னு சொன்னே?

டிரைவர்: அவர் சும்மா பாக்க மட்டும்தான் பாத்தாரு.

மெக்கானிக்: சும்மா பாத்தாரு. ரேடியேட்டரை இறக்கி, ஃபேனைக் கழட்டி, புல்லி நட்டைக் கழட்டி, உள்ள சும்மா ஒரு பார்வை பாத்துட்டு, எல்லாத்தையும் திரும்ப மாட்டி உன்னை அனுப்பி வச்சாரு. ரொம்ப நல்ல மனுஷன். புல்லியை இழுக்கணும், புல்லரைக் குடு. அது இல்லை, மூணு கால் இருக்கறது... இந்தா, புல்லியும் வழுக்கிக்கிட்டு வருது பாரு. பத்து வருஷமா இடத்தை விட்டு அசையாத புல்லி. லைட்டைக் கிட்டக் கொண்டா. ஏன் பின்னால நகர்றே?

டிரைவர்: லைட்டு சூடா இருக்கு, உங்க மேல பட்டுடும்.

மெக்கானிக்: ஒரு சீல் தேஞ்சு ஒழுகினா உதடு வழுவழுன்னு இருக்கும். காஞ்சு போய் ஒழுகினா வெடிச்சு, தொட்டா உதிரும். இது ரெண்டுமில்லை. ரப்பர் இன்னும் மெத்துன்னு இருக்கு. மூணு இடத்துல நேரா வெட்டு. பிளேடா, கத்தியா?

டிரைவர்: மச்சான்...

மெக்கானிக்: தொழில் கேள்விதான் கேக்கறேன். பிளேடா, கத்தியா?

டிரைவர்: ஸ்க்ரூ டிரைவர். முனையைத் தீட்டி வச்சு...

மெக்கானிக்: எப்ப?

டிரைவர்: முந்தாநாள். லோடு இறக்கிட்டு ஒரு மரத்தடியில ஓரங்கட்டினேன். அரை நாள் ஆச்சு. புல்லி வர மாட்டேன்னு அடம் பிடிச்சுது.

மெக்கானிக்: கைநழுவி ஷாஃப்ட்டைக் கீறியிருந்தேன்னா கிராங்கே போச்சு. வழியில ஆயில் வத்தி இன்ஜின் பிடிச்சிருந்தா? உனக்குச் சோறு போடற வண்டிடா இது.

டிரைவர்: தெரியும்.

மெக்கானிக்: தெரிஞ்சே குத்தியிருக்கே.

டிரைவர்: சும்மா வந்தா உங்க கேட்டைத் தாண்ட விடுவீங்களா? போன தடவை வந்தப்ப தெருவுலயே நிக்க வச்சுத் திருப்பி அனுப்பினீங்க. உங்களுக்கு என்னைத்தான் பிடிக்காது. கெட்டுப்போன இன்ஜினைப் பாத்தா உங்க கை சும்மா இருக்காது. அது எனக்குத் தெரியும். ரெண்டு மணி நேரம் இந்த வாசல்ல நிக்கலாம்னு கணக்குப் போட்டேன். அவ்வளவுதான். ஜன்னல் வழியா ஒரு தடவையாவது எட்டிப் பாத்திட மாட்டாளா? இந்த வண்டிச் சத்தம் அவளுக்குத் தெரியும் மச்சான். நான் தெரு முனை திரும்பும்போதே தெரிஞ்சிடும்.

மெக்கானிக்: தெரிஞ்சு என்ன பண்ணுவா?

டிரைவர்: என்ன பண்ணுவான்னா...

மெக்கானிக்: எந்திரிச்சு வந்து கதவுகிட்ட நிப்பா. நீ வந்து வெளியிலேர்ந்து திறக்கற வரைக்கும் நிப்பா. அதானே வழக்கம்?

டிரைவர்: ...பூட்டற விஷயத்தை உங்ககிட்ட யார் சொன்னா?

மெக்கானிக்: நான் திறக்கறதைத்தான் சொன்னேன். பூட்டறதை நீயே சொல்லிட்டே.

டிரைவர்: ஆறு நாள், எட்டு நாள் லோடு மச்சான். ஒரு தடவை பன்னெண்டு நாள். அந்தத் தெருவுல ஆள் நடமாட்டம் சரியில்லை. அவ பயந்த சுபாவம். நான் இல்லாத வீட்டுல எவனாவது வந்து தட்டினா? மளிகை, காய்கறி, பால் பவுடர் வரைக்கும் வாங்கி வச்சுட்டுத்தான் கிளம்புவேன். ஒண்ணு குறையாது.

மெக்கானிக்: மாட்டுக்குத் தீவனம் போட்டுட்டுப் போற மாதிரி.

டிரைவர்: அப்படிச் சொல்லாதீங்க.

மெக்கானிக்: வேற எப்படிச் சொல்றது? சொல்லிக் குடு.

டிரைவர்: அடிச்சதில்லை. குடிச்சதில்லை. வேற பொம்பளையை ஏறெடுத்துப் பாத்ததில்லை. தெருவுல நாலு பேரைக் கேட்டுப் பாருங்க.

மெக்கானிக்: தெருவுல நாலு பேருக்கு அவ முகமே தெரியாதே. யாரைக் கேக்கறது? அவளுக்குக் காய்ச்சல் வந்தப்ப மூணு நாள் யார் பாத்தா? பக்கத்து வீட்டம்மா ஜன்னல் கம்பி வழியா மாத்திரை நீட்டியிருக்கா. தெர்மாமீட்டரை நீட்டியிருக்கா. இவ வாயில வச்சுப் பாத்துட்டுத் திருப்பி நீட்டியிருக்கா. அப்ப நீ எங்க இருந்தே?

டிரைவர்: செக்போஸ்ட்ல. ரோடு மறியல், வண்டி நகரலை.

மெக்கானிக்: சாவி?

டிரைவர்: ...என்கிட்டத்தான்.

மெக்கானிக்: சாவி உன்கிட்ட.

டிரைவர்: நான் அதை விட்டுட்டேன் மச்சான். அதை மட்டும் யாரும் காது குடுத்துக் கேக்க மாட்டேங்கறீங்க. அவ வீட்டை விட்டுப் போன தடவை... அந்த லோடுக்கு நான் பூட்டாமத்தான் கிளம்பினேன். ஏதோ மனசுல பட்டுச்சு. பூட்டைக் கையில எடுத்தேன், அப்படியே கேபின்ல போட்டுட்டு வண்டியை எடுத்துட்டேன். பத்து வருஷத்துல பூட்டாமப் போன முதல் தடவை அதுதான். திரும்பி வந்தா வீடு காலி.

மெக்கானிக்: அவகிட்டச் சொன்னியா?

டிரைவர்: என்னத்தை?

மெக்கானிக்: இனிமே பூட்ட மாட்டேன்னு.

டிரைவர்: வாயைத் திறந்து சொல்லலை. அவளாப் புரிஞ்சுக்குவான்னு...

மெக்கானிக்: என்னத்தைப் புரிஞ்சிருப்பா? நீ பூட்ட மறந்துட்டேன்னு நினைச்சிருப்பா. இன்னொரு தடவை மறக்க மாட்டேன்னும் நினைச்சிருப்பா. எமரி பேப்பரைக் குடு, ஷாஃப்ட்டைத் தேய்க்கணும். அழாத. அழறதா இருந்தா அந்தப் பக்கம் போய் அழு, சீல் உக்கார்ற இடத்துல தண்ணி படக் கூடாது.

டிரைவர்: யார் அழறா. டீசல் புகை.

மெக்கானிக்: இன்ஜினே ஓடலை... நல்லவேளை, ஷாஃப்ட்ல கீறல் விழலை. உன் கை நடுங்காத கை. அதுவரைக்கும் சரி. வேஸ்ட் துணியால நல்லாத் துடை. ஒரு மண் துகள் நின்னாலும் புது உதட்டை அறுத்திடும்.

டிரைவர்: ஒரு தடவை வண்டியில கூட வரேன்னு கேட்டா.

மெக்கானிக்: யாரு?

டிரைவர்: அவதான். ரெண்டு நாள் லோடு ஒண்ணு. 'நான் பாட்டுக்கு ஓரமா உக்காந்துக்கறேன், ரோட்டைப் பாத்துக்கிட்டே வரேன்'னா. லாரியில பொம்பளை ஏறினா நாலு பேர் நாலு விதமாப் பேசுவான்னு சொல்லிட்டேன். அப்புறம் கேக்கவே இல்லை. இப்ப அந்த சீட்டுலதான் படுத்துக்கறேன். வீட்டுக்கே போறதில்லை.

மெக்கானிக்: சின்னப் புள்ளையில என் சைக்கிள்ல முன்னாடி பார்ல உக்காந்துக்கிட்டு இறங்கவே மாட்டா. இன்னும் ஒரு ரவுண்டு, இன்னும் ஒரு ரவுண்டும்பா... சரி, உதட்டுல ஆயில் தடவு. ரொம்ப வேண்டாம். உள்ள சுத்தியிருக்கற ஸ்பிரிங் கழண்டுடாமப் பாத்துக்க. இந்தக் குழாய்த் துண்டை நேரா வச்சுப் பிடி, நான் தட்டறேன். ஒரு நூல் கோணலா இறங்கினாலும் மறுபடி ஒழுகும்.

டிரைவர்: பிடிச்சிருக்கேன். கையில போட்டுடாதீங்க சுத்தியலை.

மெக்கானிக்: ஆசைதான்.

டிரைவர்: போடுங்க. ஒண்ணு போட்டுட்டு, அஞ்சு நிமிஷம் மேல விடுங்க.

மெக்கானிக்: பேசாம பிடி.

டிரைவர்: மச்சான், ஒண்ணு கேக்கறேன். காய்ச்சல் விஷயம் உங்களுக்கு எப்பத் தெரியும்?

மெக்கானிக்: அவ சொல்லித்தான்.

டிரைவர்: எப்பன்னு கேட்டேன்.

மெக்கானிக்: ...அப்பதான்.

டிரைவர்: எப்ப? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பையைத் தூக்கிக்கிட்டு இங்க வந்தாளே, அப்பவா?

மெக்கானிக்: நேராப் பிடி. கோணுது.

டிரைவர்: குழாய் நேராத்தான் இருக்கு. கோணுறது உங்க சுத்தியல். அப்பவே எல்லாத்தையும் சொல்லிட்டா. பூட்டு, காய்ச்சல், ஜன்னல் வழியா மாத்திரை... எல்லாம் கேட்டுட்டு, மூணாம் நாள் நீங்கதானே கொண்டாந்து விட்டீங்க? உங்க பைக்ல பின்னால உக்கார வச்சு?

மெக்கானிக்: குடும்பம்னா முன்னப்பின்ன இருக்கும்னு...

டிரைவர்: உள்ள வந்து உக்காந்து டீ குடிச்சீங்க. அவதான் போட்டுக் குடுத்தா. 'கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா'ன்னு அவகிட்டச் சொன்னீங்க. என்கிட்ட என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?

மெக்கானிக்: வேண்டாம்.

டிரைவர்: 'சின்னப் புள்ளைத்தனமா ஏதோ பேசுவா, மனசுல வச்சுக்காதீங்க மாப்பிள்ளை'ன்னீங்க. பூட்டு அங்கதான் தொங்கிக்கிட்டு இருந்துது. அதைக் கையால ஒதுக்கிட்டுத்தான் உள்ள வந்தீங்க.

மெக்கானிக்: போதும்.

டிரைவர்: நான் காத்துக்கிட்டு இருந்தேன் மச்சான். இப்பக் கேப்பாரு, இப்பக் கேப்பாருன்னு. சட்டையைப் பிடிப்பீங்க, ஒரு அறை விடுவீங்கன்னு நினைச்சேன். வாங்கிக்கவும் தயாராத்தான் இருந்தேன். நீங்க டம்ளரை வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டீங்க. சரி, அவ அண்ணனுக்கே இது தப்பாத் தெரியலைன்னா தப்பில்லை போலன்னு இருந்துட்டேன்.

மெக்கானிக்: ...சீல் உக்காந்திடுச்சு. கையை எடு.

டிரைவர்: எடுத்துட்டேன்.

மெக்கானிக்: புல்லியை ஏத்து. புது லாக் வாஷர் டப்பாவுல இருக்கு. இந்தத் தடவை குழாயைப் போட்டு முறுக்கு. முழு பலத்தையும் போடு, என் மேல இருக்கற கோவத்தையும் சேத்துப் போடு.

டிரைவர்: உங்க மேல எனக்குக் கோவம் இல்லை.

மெக்கானிக்: இருக்கணும். அப்படி இல்லைன்னாத்தான் எனக்குப் பயமா இருக்கு... ம். காதை மடக்கிட்டேன். ஃபேன், அப்புறம் ரேடியேட்டர். ஆயில் ஊத்து. அளவு பாத்தியா? தண்ணி?

டிரைவர்: ஊத்தியாச்சு.

மெக்கானிக்: ஸ்டார்ட் பண்ணு.

டிரைவர்: ஒழுகுதா?

மெக்கானிக்: இல்லை. சூடாகட்டும்... இன்னும் கொஞ்சம் ரேஸ் பண்ணு. இறங்கி வந்து நீயே கையை வச்சுப் பாரு, புல்லியில படாம. சொட்டுக்கூட இல்லை.

டிரைவர்: உங்க கை உங்க கைதான்.

மெக்கானிக்: சரி, ஆஃப் பண்ணிட்டுக் கிளம்பற வழியைப் பாரு.

டிரைவர்: கொஞ்ச நேரம் ஓடட்டுமே.

மெக்கானிக்: எதுக்கு? சீல் நல்லா இருக்கு.

டிரைவர்: சீலுக்கு இல்லை. சத்தம் மேல கேக்கட்டும். வெளிய வரலைன்னாலும் பரவாயில்லை, நான் வந்துட்டுப் போனேன்னு தெரியட்டும்.

மெக்கானிக்: ஆஃப் பண்ணு.

டிரைவர்: ரெண்டே நிமிஷம் மச்சான்.

மெக்கானிக்: ஆஃப் பண்ணு மாப்ள. கேக்கறதுக்கு மேல ஆள் இல்லை.

டிரைவர்: ...என்ன?

மெக்கானிக்: முதல்ல ஆஃப் பண்ணு.

டிரைவர்: பண்ணிட்டேன். எங்க போயிருக்கா, வெளிய எங்கயாவதா? எப்ப வருவா?

மெக்கானிக்: அவ இங்க இல்லை. இங்க வரவே இல்லை.

டிரைவர்: விளையாடாதீங்க. நான் வீடு காலின்னு பாத்த உடனே உங்களுக்குத்தானே போன் பண்ணினேன்...

மெக்கானிக்: பண்ணினே. 'அங்கயா வந்திருக்கா'ன்னு கேட்டே. ஆமான்னு சொல்லிட்டேன். வேற எங்க போவா, பஸ்ல வந்துக்கிட்டு இருப்பா, சாயங்காலத்துக்குள்ள வந்து நிப்பான்னு நினைச்சுத்தான் சொன்னேன். ஓடிப்போய் மேல ரூமைக்கூடக் கூட்டித் துடைச்சு வச்சேன். வரலை. மறுநாளும் வரலை. அதுக்கப்புறம் உன்கிட்ட எப்படி மாத்திச் சொல்றது? என் தங்கச்சி என் வீட்டுக்கு வரலைன்னு எந்த வாயால சொல்றது?

டிரைவர்: ஆறு மாசம் மச்சான். ஆறு மாசமா அவ மேல இருக்கான்னு நம்பிக்கிட்டு இருக்கேன். அதனாலதான் வேற எங்கயும் தேடலை.

மெக்கானிக்: நான் தேடினேன். பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி, பொம்பளைங்க ஹாஸ்டல், கூடப் படிச்சவ வீடு... ஞாயித்துக்கிழமையானா பட்டறையை மூடிட்டு அதுதான் எனக்கு வேலை.

டிரைவர்: போலீஸ்ல சொன்னீங்களா?

மெக்கானிக்: சொன்னா உன் பூட்டைச் சொல்லணும். அதோட நிக்குமா? நான் பைக்ல கொண்டுபோய் விட்டதையும் சொல்லணும்.

டிரைவர்: உயிரோடதான் இருக்காளா?

மெக்கானிக்: அதைக் கேக்காத. தெனமும் நான் என்னையே கேட்டுக்கிட்டு இருக்கற கேள்வி அது. அந்த ஒரு கேள்வியை மட்டும் நீ கேக்காத.

மெக்கானிக்கின் மனைவி: என்னங்க, இன்ஜின் நின்னு இவ்வளவு நேரமாச்சு... ஏன் தரையில உக்காந்திருக்கீங்க? எந்திரிங்க.

மெக்கானிக்: சொல்லிட்டேன். அவன்கிட்டச் சொல்லிட்டேன்.

மெக்கானிக்கின் மனைவி: தெரியுது. கடை வரைக்கும் கேட்டுது. எந்திரிங்க... அவ உயிரோடதான் இருக்கா.

மெக்கானிக்: என்ன சொன்னே?

மெக்கானிக்கின் மனைவி: நல்லா இருக்கா. வேலைக்குப் போறா. சொந்தமா ஒரு ரூம் எடுத்திருக்கா.

மெக்கானிக்: உனக்கு எப்படி...

மெக்கானிக்கின் மனைவி: வீட்டை விட்டு வந்த அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுலேர்ந்து யார்கிட்டயோ போன் வாங்கிக் கடைக்குப் பேசினா. சரக்கு எடுக்கப் போறேன்னு உங்ககிட்டச் சொல்லிட்டுப் போனேன். வேற பஸ்ல ஏத்திவிட்டது நான்தான். மாசம் ஒரு தடவை பேசுவா.

மெக்கானிக்: நான் நாயா அலைஞ்சதைப் பாத்துக்கிட்டுதானே இருந்தே?

மெக்கானிக்கின் மனைவி: பாத்துக்கிட்டுதான் இருந்தேன்.

டிரைவர்: எந்த ஊர்க்கா? நான் போய்த் தொந்தரவு பண்ண மாட்டேன். ஊர்ப் பேரை மட்டும் சொல்லுங்க.

மெக்கானிக்கின் மனைவி: சொல்ல மாட்டேன் தம்பி.

மெக்கானிக்: அவன்கிட்டச் சொல்லாத, சரிதான். அவன் கிளம்பட்டும். என்கிட்டச் சொல்லு. நான் அவ அண்ணன்.

மெக்கானிக்கின் மனைவி: உங்ககிட்டத்தான் முக்கியமா சொல்லக் கூடாதுன்னு என்கிட்டச் சத்தியம் வாங்கிட்டுப் பஸ் ஏறினா. 'அவர் வந்து கூப்பிட்டா நான் போக மாட்டேன் அண்ணி. அண்ணன் வந்து கூப்பிட்டா எந்திரிச்சுப் பின்னாலேயே போயிடுவேன்'னா.